ரைம் ட்ரயலில் செக்கன் எங்கே போகிறது: முன்னணிக்காரரைக் கணக்குப் பார்ப்பது எப்படி

2025 யூலை 9ஆம் திகதி, பிரான்ஸின் கான் நகரில் நடந்த 33 கிலோமீற்றர் ரைம் ட்ரயலை (ஒவ்வொருவராகத் தனியே ஓடி நேரம் பார்க்கும் சைக்கிள் ஓட்டம்) சைக்கிள் வீரர் றெம்கோ எவனபூல் 36 நிமிடம் 42 செக்கனில் முடித்தார். மணிக்கு ஏறக்குறைய 54 கிலோமீற்றர் வேகம். ரடேய் பொகாச்சர் 16 செக்கன் பின்னால். ஒன்பது நாள் கழித்து, அதே ரூர் டி பிரான்ஸில் (பிரான்ஸில் மூன்று வாரம் நடக்கும் சைக்கிள் போட்டி), பெய்ராகூட் மலைக்கு ஏறும் இன்னொரு ரைம் ட்ரயல். தூரம் வெறும் 10.9 கிலோமீற்றர். பொகாச்சர் 23 நிமிடத்தில் ஏறி வென்றார். எவனபூல் 2 நிமிடம் 39 செக்கன் பின்தங்கினார். அவருக்குப் பிறகு வெளிக்கிட்ட யோனாஸ் விங்கேகார்ட், மேலே முடிவுக்கோட்டுக்குக் கிட்ட வைத்து அவரைப் பிடித்தே விட்டார். மறுநாள் எவனபூல் போட்டியை விட்டு விலகினார்.

ஆள் ஒருவர்தான், போட்டியும் ஒன்றுதான். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ரைம் ட்ரயல் தங்கம் எடுத்தவர்; 2023, 2024 இரண்டு ஆண்டும் உலகச் சம்பியன். ஆகவே "மச்சான், அவன் ரைம் ட்ரயல்காரன், எப்படியும் ஒரு நிமிடம் எடுப்பான்" என்று அடித்துச் சொல்வதில் ஏதோ ஒன்று இடிக்கிறது. ரைம் ட்ரயல் திறமை ஆளோடு ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் நிலையான எண் அல்ல. பாதை, நாள், எதிராளி இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது எண்ணாகும். யூலை மாத இரவுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து ரூர் பார்ப்பவர்கள் போடும் வாதங்களில் பாதி, இந்த மூன்றில் ஒன்றை விட்டுவிட்டுக் கதைப்பதால் வருபவை.

புதிதாகப் பார்க்க வருபவருக்குச் சுருக்கமாக: சாதாரணக் கட்டங்களில் (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்) நூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்கள் கூட்டமாக ஓடுவார்கள். முன்னால் போகிறவர் காற்றை வெட்டுவார், பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவருக்குப் பாடு குறைவு. ரைம் ட்ரயலில் அது இல்லை. ஒவ்வொருவராக, நிமிடக் கணக்கில் இடைவெளி விட்டு அனுப்புவார்கள். மொத்த நேரப் பட்டியலில் கடைசியில் இருப்பவர் முதலில், மொத்த நேரத்தில் முதலிடத்தில் நிற்கும் மஞ்சள் ஜேர்சிக்காரர் கடைசியில். எடுத்த நேரம் அப்படியே மொத்தக் கணக்கில் ஏறும். கூட்டாளி உதவ முடியாது, ஒளிக்கவும் இடமில்லை.

கிலோமீற்றருக்கு எத்தனை செக்கன்

மொத்த வித்தியாசத்தைப் பார்க்காமல், அதைத் தூரத்தால் வகுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். "ஒரு நிமிடம் அடித்தான்" என்பதில் விளங்குவது குறைவு. 60 கிலோமீற்றரில் ஒரு நிமிடம் என்றால் கிலோமீற்றருக்கு ஒரு செக்கன். 15 கிலோமீற்றரில் ஒரு நிமிடம் என்றால் நான்கு செக்கன். இரண்டும் ஒரே அடி அல்ல.

பொகாச்சரையும் விங்கேகார்ட்டையும் எடுங்கள். 2023இல் கொம்ப்லூ ரைம் ட்ரயல் 22.4 கிலோமீற்றர்: விங்கேகார்ட் 1 நிமிடம் 38 செக்கன் முன்னால், அதாவது கிலோமீற்றருக்கு 4.4 செக்கன். 2024இல் பேர்கண்டித் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே 25.3 கிலோமீற்றர்: இம்முறை பொகாச்சர் 25 செக்கன் முன்னால், கிலோமீற்றருக்கு ஒன்று. அதே ஆண்டு கடைசி நாள், மொனாக்கோவிலிருந்து நீஸ் வரை 33.7 கிலோமீற்றர்: பொகாச்சர் 63 செக்கன், கிலோமீற்றருக்கு 1.9. 2025 கான்: 65 செக்கன், கிலோமீற்றருக்கு 2. பெய்ராகூட்: 36 செக்கன், கிலோமீற்றருக்கு 3.3.

2023ஐ ஒதுக்கிவிட்டால் மற்ற நான்கும் ஒரே பக்கம் சாய்கின்றன. முழுக்க மலையாக இல்லாத பாதைகளில் ஒன்று முதல் இரண்டு, முழு ஏற்றத்தில் மூன்றுக்கு மேல். ஏற்றத்தில் கிலோமீற்றருக்கான வித்தியாசம் கூடுவது ஆச்சரியம் இல்லை, ஒரு கிலோமீற்றரைக் கடக்க எடுக்கும் நேரமே அங்கே இரட்டிப்பாகிறது. 10.9 கிலோமீற்றருக்கு 23 நிமிடம் என்றால் சராசரி வேகம் மணிக்கு 28தான். ஆகவே மலை ரைம் ட்ரயல் "சின்னத் தூரம், பெரிய சேதம் வராது" என்று நினைப்பது தவறு. தூரத்தைப் பாராமல் நிமிடத்தைப் பார்க்க வேண்டும்.

எவனபூலுக்கும் பொகாச்சருக்கும் இதே கணக்கைப் போட்டால் இன்னும் சுவாரசியம். 2024இல் 25.3 கிலோமீற்றரில் எவனபூல் 12 செக்கன் முன்னால். 2025 கானில் 33 கிலோமீற்றரில் 16 செக்கன். இரண்டும் கிலோமீற்றருக்கு ஏறக்குறைய அரைச் செக்கன். இரண்டுமே முதல் வாரத்தில், பெரிய மலை எதுவும் இல்லாத பாதையில் நடந்தவை. ஆனால் 2024இன் கடைசி நாளில், மூன்று வாரக் களைப்போடு, லா துர்பி, கோல் டேஸ் என்ற இரண்டு ஏற்றங்கள் உள்ள பாதையில், பொகாச்சர் அவரை 74 செக்கனால் அடித்தார்: கிலோமீற்றருக்கு 2.2 மறுபக்கம். பிறகு 2025 செப்டெம்பரில் ருவாண்டாவின் கிகாலியில் நடந்த உலகச் சம்பியன் போட்டி, 40.6 கிலோமீற்றர், ஒற்றை நாள். அங்கே எவனபூல், தனக்கு இரண்டரை நிமிடம் முன்னால் வெளிக்கிட்ட பொகாச்சரை வீதியில் வைத்துக் கடந்து போனார். கிலோமீற்றருக்கு ஏறக்குறைய நான்கு செக்கன்!

கிகாலிப் பாதையிலும் ஏற்றம் நிறைய இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஏற்றம் என்றாலே எவனபூல் தோற்பார் என்று ஒரே வரியில் எழுதிவிட முடியாது. மலைக்கட்டங்களை ஓடி ஓடிக் களைத்த மூன்றாம் வாரத்து உடம்பும், அந்த ஒரு நாளுக்காகவே ஓய்வு கொடுத்துத் தயாராக்கிய உடம்பும் வேறு வேறு. கட்டப் போட்டியில் ஒருவரின் வாய்ப்பைச் சொல்ல உலகச் சம்பியன் பட்டத்தைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அதைவிட, அதே போட்டியில் முதல் வாரத்தில் நடந்த ரைம் ட்ரயல் நல்ல சாட்சி.

அதுவும் எப்போதும் காப்பாற்றாது. 1989 ரூரில் கிரெக் லெமொண்டும் லோறன் ஃபின்யோனும் முதல் வாரத்தில் 73 கிலோமீற்றர் ரைம் ட்ரயல் ஒன்றில் மோதினார்கள். லெமொண்ட் 56 செக்கன் முன்னால். கிலோமீற்றருக்கு முக்கால் செக்கன். கடைசி நாள் வேர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீற்றர். லெமொண்ட் 50 செக்கன் பின்னால் நின்றார். பழைய விகிதப்படி அவர் எடுக்கக்கூடியது 19 செக்கன்தான். தேவைப்பட்டதோ கிலோமீற்றருக்கு இரண்டு செக்கனுக்கு மேல். 58 எடுத்தார், 8 செக்கனால் ரூரை வென்றார். ஃபின்யோன் இருக்கைப் புண்ணோடு ஓடினார் என்பதும், லெமொண்ட் முன்னால் நீட்டிய கைபிடியில் முழங்கைகளை ஊன்றிக்கொண்டு, நீள வால் உள்ள ஹெல்மெற்றோடு வந்தார் என்பதும் பிறகு எல்லோரும் சொன்ன காரணங்கள். ஃபின்யோனுக்குத் தலையில் ஹெல்மெற் இல்லை, பின்னால் குதிரைவால் முடி. ஆனால் முன்சில்லு, பின்சில்லு இரண்டும் தட்டுச் சில்லு, அதாவது ஆரம் இல்லாமல் முழுத் தட்டாக மூடிய சில்லு. அதுவும் அவருக்கு நல்லது செய்யவில்லை. ஏன் என்பதற்குக் கீழே வருகிறேன்.

காற்றுக்குக் காட்டும் முகம்

சோளகம் வீசும் மாதங்களில் யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் வேலணைக்குச் சைக்கிள் மிதித்தவருக்குக் காற்றியக்கவியல் பாடம் எடுக்கத் தேவையில்லை. வீதி தென்மேற்கே போகிறது, காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. இரண்டு பக்கமும் கடல், மறைப்பு எதுவும் இல்லை.

எண்ணில் சொன்னால்: லுமாலா போன்ற சாதாரணச் சைக்கிளில் நிமிர்ந்து இருந்து மணிக்கு 20 கிலோமீற்றர் போக, காற்றில்லாத நாளில் ஏறக்குறைய 90 முதல் 100 வாட் போதும். எதிர்காற்று மணிக்கு 20 கிலோமீற்றரில் வீசினால், அதே வேகத்துக்கு 250 வாட்டுக்கு மேல் வேண்டும். பழக்கமில்லாதவர் சில நிமிடங்களில் இறங்கி உருட்டத் தொடங்குவார். காற்றின் தடை, காற்றும் சைக்கிளும் சேர்ந்த வேகத்தின் வர்க்கத்தால் கூடுகிறது. அதைத் தள்ளத் தேவைப்படும் வலு, காற்றில்லாத நாளில் வேகத்தின் கனத்தால் (மூன்றாம் அடுக்கால்) கூடுகிறது. மீதி எல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து வருபவை.

நிமிர்ந்து இருப்பவர் காற்றுக்குக் காட்டும் முகம், வடிவத்தையும் கணக்கில் சேர்த்தால், அரைச் சதுர மீற்றருக்கு மேல். ரைம் ட்ரயல் சைக்கிளில் குனிந்து, கைகளை ஒன்றாக நீட்டி, தலையைத் தோளுக்குள் இறக்கிய தொழில்முறை வீரருக்கு அது 0.20 அளவுக்கு இறங்கும். அந்த நிலையில் தட்டைப் பாதையில் மணிக்கு 50 போக ஏறக்குறைய 360 வாட். அதில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுக்கே போகிறது. மீதிதான் ரயரும் செயினும் தின்பது. 51 போக இன்னும் 20 வாட் வேண்டும். 30 கிலோமீற்றரில் அந்த ஒரு கிலோமீற்றர் வேகம் 42 செக்கன் மிச்சப்படுத்தும். அதே மிச்சத்தை, ஒரு வாட் கூட அதிகம் மிதிக்காமல், முகத்தை 0.20இலிருந்து 0.19க்குக் குறைத்தும் பெரும்பாலும் எடுத்துவிடலாம். குழுக்கள் காற்றுச் சுரங்கத்தில் காசைக் கொட்டுவது இதற்காகத்தான்.

தட்டைப் பாதையில் உடல் எடையை வைத்து ஆளை ஒதுக்காதீர்கள். பிலிப்போ கன்னா போன்ற ஆறடிக்கு மேற்பட்ட பெரிய மனிதர்கள் அங்கே அதிக வாட் போடுகிறார்கள். ஆனால் எவனபூல் 1.71 மீற்றர் உயரம்தான், அவருடைய பலம் அந்தச் சிறிய முகம். வாட்டை எடையால் வகுத்த எண்ணை மலையில் பாருங்கள். தட்டையில் வாட்டை முகத்தால் வகுக்க வேண்டும், அந்த எண்ணை எந்தக் குழுவும் வெளியே விடாது. அதனால் கண்ணால்தான் பார்க்க வேண்டும்: தலை ஆடுகிறதா, இருக்கையின் நுனியில் சறுக்கிச் சறுக்கி ஏறி இருக்கிறாரா, முழங்கை விரிகிறதா. கடைசிப் பத்து நிமிடத்தில் ஒருவர் இருக்கையில் நெளியத் தொடங்கினால், மிதிப்பது குறைவதற்கு முன்பே முகம் பெருக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

எவ்வளவுதான் குனியலாம், நீட்டலாம் என்பதற்கு விதி உண்டு. சர்வதேசச் சைக்கிள் சங்கம் 2023 முதல் உயரத்தை வைத்து மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. முழங்கை ஊன்றும் இடத்துக்கும் நீட்டிய கைபிடியின் உச்சிக்கும் இடையே, 180 சென்ரிமீற்றருக்குக் குறைந்தவருக்கு 10 சென்ரிமீற்றர் வரை, 190க்கு மேற்பட்டவருக்கு 14 வரை. சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது. வெளிக்கிடுவதற்கு முன் ஒவ்வொரு சைக்கிளையும் அளவுச் சட்டத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பிடிபட்டால் அந்த இடத்திலேயே ஆணியைத் தளர்த்தி மாற்ற வேண்டும், பயிற்சியில் பழகிய நிலை போய்விடும்.

தட்டுச் சில்லு பற்றி. பின்சில்லு முழுத் தட்டாக இருப்பது பெரும்பாலும் இலாபம். முன்சில்லு அப்படியல்ல: பக்கக்காற்று அடித்தால் தட்டு பாய்போலக் காற்றைப் பிடித்து, கைபிடியைத் திருப்பப் பார்க்கும். ஓட்டுபவர் அதைச் சமாளிக்க ஒவ்வொரு முறையும் உடலை நிமிர்த்துவார், நேர்கோடு கெடும். அதனால் இன்று முன்னுக்கு ஆழ விளிம்புள்ள ஆரச் சில்லுதான். பக்கக்காற்று பலமான நாளில் அதிலும் ஆழம் குறைந்ததைத் தேர்வார்கள். ஃபின்யோன் இரண்டையும் தட்டாகப் போட்டார். லெமொண்ட் பின்னால் மட்டும்.

சைக்கிள் மாற்றும் கணக்கு

பாதையின் கடைசியில் மலை வந்தால் இரசிகர்கள் முதலில் கேட்பது: சைக்கிள் மாற்றுவாரா? இதை மனக்கணக்காகவே பார்க்கலாம். ரைம் ட்ரயல் சைக்கிள் சாதாரணப் பந்தயச் சைக்கிளைவிட ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ பாரம். லா பிளான்ஷ் டே பெல் ஃபீய் ஏற்றம் 5.9 கிலோமீற்றர், 8.5 வீதச் சரிவு, அதாவது 500 மீற்றர் உயரம். ஒன்றரைக் கிலோவை 500 மீற்றர் தூக்க 7,400 யூல் வேண்டும். 400 வாட் போடுபவருக்கு அது 18 செக்கன். மாற்றுவதற்கு வேகத்தைக் குறைத்து, இறங்கி, ஏறி, திரும்ப வேகம் எடுக்க, நன்றாகப் பழகியவருக்கும் பத்துச் செக்கனளவு போகும். மீதி எட்டு. ஏற்றத்திலும் மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் போகிறவர் குனிந்த நிலையை விட்டால் அந்த எட்டிலும் கொஞ்சம் கரையும். ஆக, எடைக்காக மட்டும் மாற்றுவது பெரிய இலாபம் இல்லை. எழுந்து நின்று மிதிக்கவும், வளைவுகளில் பிடிக்கவும், இடுப்பைத் திறந்து மூச்சு விடவும் வசதி என்பதற்காகத்தான் பெரும்பாலும் மாற்றுகிறார்கள். சரிவு 5 வீதத்துக்குள் என்றால் மாற்றவே வேண்டாம் என்பது என் கட்சி.

2020இல் அந்த மலையில் நடந்ததைப் பாருங்கள். 36.2 கிலோமீற்றர் ரைம் ட்ரயல், போட்டி முடிய ஒரு நாள் முன்பு. பிரிமோஷ் ரொக்லிச் 57 செக்கன் முன்னிலையில் இருந்தார். பொகாச்சர் அவரை 1 நிமிடம் 56 செக்கனால் அடித்து ரூரை எடுத்தார். பலரும் அதை மலையில் நடந்த சரிவாக மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அடிவாரத்தை அடையும்போதே ரொக்லிச் அரை நிமிடத்துக்கு மேல் இழந்திருந்தார். ஏற்றத்தில் போன ஒரு நிமிடத்துக்கு மேற்பட்ட நேரம் கண்ணுக்குத் தெரிந்தது: தடுமாறிய சைக்கிள் மாற்றம், நெற்றிக்கு மேல் ஏறி நின்ற ஹெல்மெற். தட்டையில் போனது தெரியவில்லை. 2023 கொம்ப்லூவில் பொகாச்சர் தொமான்சி ஏற்றத்தின் அடியில் சைக்கிள் மாற்றினார், விங்கேகார்ட் மாற்றவில்லை. 98 செக்கனில் மாற்றத்துக்குப் போனது மிகச் சின்னப் பங்கு. அன்று மூன்றாவதாக வந்த வூட் வான் ஆர்ட் விங்கேகார்ட்டைவிட 2 நிமிடம் 51 செக்கன் பின்னால். சைக்கிள் மாற்றம் அதை விளக்காது; அன்றைக்கு ஒருவர் மட்டும் வேறு உயரத்தில் இருந்தார்.

பிழை போனால் எப்படிப் போகும் என்பதற்கு, இத்தாலியின் மூன்று வாரப் போட்டியான ஜீரோ டி இத்தாலியாவில் 2023இல் வந்த மொன்டே லுசாரி நல்ல பாடம். 18.6 கிலோமீற்றர், கடைசி ஏழு கிலோமீற்றர் ஒடுங்கிய கொங்கிரீற் வீதி, பல இடங்களில் 15 வீதத்துக்கும் மேல். இங்கே எல்லா முன்னணிக்காரரும் சைக்கிள் மாற்றியே ஆக வேண்டும். கார்கள் ஏற முடியாததால் மெக்கானிக்மார் மோட்டார்சைக்கிளின் பின்னால் இருந்தார்கள். ரொக்லிச்சுக்கு முன்னால் ஒற்றைப் பல்சில்லு. ஒற்றைப் பல்சில்லில் செயினைப் பக்கவாட்டில் பிடித்து வைக்கும் முன் கியர் மாற்றி இல்லை. வீதியில் ஒரு குலுக்கல், அந்த நேரத்தில் மிதி தளர்ந்தால் செயின் விழும். விழுந்தது. இறங்கி, கையால் ஏற்றி, தள்ளிவிடப்பட்டு, திரும்ப மிதித்தார். அப்படியிருந்தும் கெரைன்ட் தோமஸை 40 செக்கனால் அடித்தார். 26 செக்கன் பின்னால் நின்றவர் 14 செக்கனால் ஜீரோவை வென்றார். இறுக்கமாக இழுக்கும் பின் கியர், செயின் தடுப்பு, ஒன்றுவிட்டொன்று அகலமான பல், மூன்றும் இருந்தாலும் விழும் நாளில் விழும்.

எங்கே பிழை போகிறது

அதிகமாகப் பிழை போவது முதல் ஐந்து நிமிடத்தில். தாங்கக்கூடிய எல்லைக்கு மேல் போடும் ஒவ்வொரு வாட்டும் ஒரு கையிருப்பிலிருந்து போகிறது. நல்ல வீரருக்கு அந்தக் கையிருப்பு 15 முதல் 25 கிலோயூல் வரை. எல்லைக்கு மேல் 50 வாட் போட்டால் 400 செக்கனில் 20 கிலோயூல் தீர்ந்துவிடும். வெளிக்கிடும் மேடையிலிருந்து இறங்கி, சனம் கத்த, இரத்தம் சூடேறி, முதல் மூன்று கிலோமீற்றர் காற்றில் மிதப்பதுபோல இருக்கும். கணக்கு இருபதாவது நிமிடத்தில் வரும். நல்ல குழு, பாதையைத் துண்டு துண்டாக வெட்டி, எதிர்காற்றிலும் ஏற்றத்திலும் சராசரிக்கு மேலே, பின்காற்றிலும் இறக்கத்திலும் கீழே என்று எழுதிக் கொடுக்கும். நேரம் அதிகம் செலவாகும் இடத்தில் வலுவைச் செலவழிப்பதுதான் அதன் நியாயம்.

நேரத்துக்கு வராததும் நடக்கும். 1989இல் லக்சம்பேர்க்கில், முந்தைய ஆண்டு வென்ற பெட்ரோ டெல்காடோ 2 நிமிடம் 40 செக்கன் பிந்தி மேடைக்கு வந்தார். கடிகாரம் அவருக்காகக் காத்திருக்காது, குறித்த நேரத்திலிருந்தே ஓடும். முதல் நாளிலேயே அவருடைய ரூர் கோணிப்போயிற்று.

மழையைப் பற்றிக் கதைக்கும்போது ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். போட்டியின் நடுவில் வரும் ரைம் ட்ரயலில் முன்னணிப் பத்துப் பேரும் கடைசி அரை மணித்தியாலத்துக்குள் வெளிக்கிடுவார்கள். பகல் மழை முன்னால் ஓடிய சிறப்பாளர்களைத்தான் கெடுக்கும், முன்னணிக்காரருக்கு இடையே பெரிய வித்தியாசம் வராது. முதல் நாள் ரைம் ட்ரயலில் பட்டியலே இல்லாததால் குழுக்கள் தாங்கள் விரும்பிய இடத்தில் ஆளைப் போடலாம். அங்கே வானிலை ஒரு சூதாட்டம். 2017இல் டுசெல்டோர்ஃபில் 14 கிலோமீற்றர் ஈரப் பாதையில் அலெஹாந்த்ரோ வல்வேர்டே வளைவில் சறுக்கி முழங்காற்சில்லை உடைத்துக்கொண்டு வீடு போனார்.

ஒருவர் மற்றவரைப் பிடிக்கும்போது என்ன விதி என்று அடிக்கடி கேட்கிறார்கள். கடக்கும்போது பக்கவாட்டில் இரண்டு மீற்றர் விலகிப் போக வேண்டும். பிடிபட்டவர் பின்னால் ஒட்டிக்கொண்டு வரமுடியாது. ஒரு கிலோமீற்றருக்குப் பிறகு குறைந்தது 25 மீற்றர் இடைவெளி வேண்டும். ஆனால் முன்னால் ஓர் இலக்குத் தெரிவதே பிடிக்க வருபவருக்கு வலு. அதை எந்த நடுவராலும் அளக்க முடியாது.

வெயிலுக்கு இரண்டு முகம். சூடான காற்று ஐதானது, ஆகவே தடை சற்றுக் குறைவு. ஆனால் தனியே, தலை மூடிய ஹெல்மெற்றுக்குள், ஒரே வலுவில் 40 நிமிடம் மிதிக்கும் உடம்பு வெப்பத்தை வெளியே விட முடியாமல் திணறும். அதற்காகத்தான் சூடேற்றும்போது ஐஸ் அங்கி போடுகிறார்கள். எங்கள் ஊர் ஏப்பிரல் புழுக்கத்தில் வியர்வை காயாது, வழியும். அப்படியான நாளில் முதல் பாதியில் சற்றுக் குறைத்து ஓடுபவர்தான் இரண்டாம் பாதியில் மிஞ்சுவார்.

ரைம் ட்ரயல் தூரமே இப்போது சுருங்கிவிட்டது. 2012 ரூரில் மூன்று ரைம் ட்ரயலும் சேர்த்து 101.4 கிலோமீற்றர், பிரட்லி விக்கின்ஸ் அதில்தான் மஞ்சள் ஜேர்சியைக் கட்டி எழுப்பினார். 2023இல் ஒன்றே ஒன்று, 22.4. 1992இல் மிகேல் இந்துரைன் லக்சம்பேர்க்கின் ஒற்றை 65 கிலோமீற்றரில் இரண்டாமவரை மூன்று நிமிடத்தால் அடித்தார், கிலோமீற்றருக்கு 2.8 செக்கன்தான், தூரம் அதை மலையாக்கியது. இன்று அதே விகிதத்தில் அடித்தாலும் 25 கிலோமீற்றரில் 70 செக்கன்தான் வரும், அதை ஒரு மலைக்கட்டத்தில் திருப்பி எடுத்துவிடுவார்கள். ஆகவே பழைய காலத்து மாதிரி "ரைம் ட்ரயல்காரன் வெல்லுவான்" என்ற கட்சிக்கு இப்போது ஆள் குறைவு, நியாயமும் குறைவு.

இதை நம்பாதவர் நம்முடைய வீதியில் அளந்து பார்க்கலாம். விடியற்காலை, பஸ் ஓடத் தொடங்குமுன், பண்ணையிலிருந்து வேலணைப் பக்கம் ஐந்து கிலோமீற்றர் போய்த் திரும்புங்கள். ரயர் காற்றை முதல் நாள் அளந்து அடித்து வையுங்கள், வேறு நாளோடு ஒப்பிடுவதானால் அதே அளவு. போகும்போது எதிர்காற்றில் மணிக்கு 25, வரும்போது பின்காற்றில் 40 என்று வைப்போம். சராசரி 32.5 என்று சொல்லத் தோன்றும். போக 12 நிமிடம், வர ஏழரை நிமிடம், மொத்தம் பத்தொன்பதரை, சராசரி 30.8. எதிர்காற்று பறித்ததைப் பின்காற்று முழுதாகத் திருப்பித் தராது, ஏனென்றால் எதிர்காற்றில் நீங்கள் இருக்கும் நேரம் அதிகம். முன்னால் நீட்டிய கைபிடியைப் பிடித்தால் பிரேக்கிலிருந்து கை எடுக்க வேண்டும், ஆகவே வாகன நெரிசலில் அதைப் போட்டு ஓடாதீர்கள்; பாலத்தில் பக்கக்காற்று திடீரெனத் தள்ளும்.

இரவு பார்க்கும்போது ஒரு விடயம். பிரான்ஸின் கோடை நேரத்தைவிட நாங்கள் மூன்றரை மணித்தியாலம் முன்னால், ஆகவே அங்கே மாலை ஐந்தரைக்கு வரும் கடைசி ஆள் இங்கே இரவு ஒன்பதுக்கு வருவார். திரையின் மூலையில் நொடிக்கு நொடி மாறும் இடைவெளி செய்மதி வைத்துச் சொல்லும் மதிப்பீடு. வேகம் குறைந்த ஏற்றத்தில் அது அங்குமிங்கும் குதிக்கும். வீதியில் கோடு போட்டு அளக்கும் இடைநேரத்தை மட்டும் எழுதி வையுங்கள். எட்டாவது கிலோமீற்றரில் பத்துச் செக்கன் என்றால் முப்பத்திரண்டாவதில் நாற்பது என்று பெருக்காதீர்கள். முதல் இடைநேரத்தில் வேகமாக வந்தவர் கையிருப்பைத் தின்றுவிட்டாரா என்பது இரண்டாவது இடைநேரத்தில் தெரியும். முதல் துண்டில் கிலோமீற்றருக்கு 1.2, இரண்டாவதில் 0.6 என்று விகிதம் இறங்கினால், திரையில் மொத்த இடைவெளி கூடிக்கொண்டிருந்தாலும் அவருடைய சாதகம் தேய்ந்துகொண்டிருக்கிறது.